முள்ளின் மேல் நாலணா

சித்தப்பா மைக் செட் தொழிலை விட்ட வருஷம் கூம்பு ஸ்பீக்கர்கள் பழைய இரும்புக்குப் போயின. ஆம்ப்ளிஃபயரில் இருந்த செம்புக் கம்பியை யாரோ உருவி எடைக்குப் போட்டார்கள். மிஞ்சியது ஒரு தகர டிரங்குப் பெட்டி. நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் அது பார்சல் சர்வீஸில் நங்கநல்லூர் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. உள்ளே 160 சொச்சம் இசைத்தட்டுகள், பாதிக்குமேல் உறையில்லாமல். மேலே சித்தப்பா கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு: “தம்பி, உனக்குத்தான் இதும்மேல கிறுக்கு. நீயே வச்சுக்க.”

கிறுக்கு என்ற சொல்லுக்கு அவர் வைத்திருந்த பொருள் வேறு. அடுத்த எட்டு மாதத்தில் நான் அதற்குக் கொடுத்த பொருள் வேறு.

நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். வைகாசியில் கல்யாணம், ஆடியில் அம்மன் கோயில், நடுநடுவே மஞ்சள் நீராட்டு, காதுகுத்து. எல்லாவற்றுக்கும் சித்தப்பா செட்டுதான். சீர்காழியார் குரலில் பிள்ளையார் பாட்டைப் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மதகு வரைக்கும் போய்வருவார். அங்கே பாட்டு கேட்டால்தான் செட் சரியாகக் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். அவர் திரும்பி வரும்வரை தட்டுக்கு நான் காவல். பத்து வயசு. வேட்டி முனையால் தூசி துடைத்துத் தருவது, பாட்டு முடிந்தால் முள்ளைத் தூக்குவது, பக்கம் மாற்றுவது. முள் தேய்ந்துவிட்டால் பாட்டு தாவும். கல்யாண வீட்டில் புது முள்ளுக்கு எங்கே போவது? சித்தப்பா மடியிலிருந்து ஒரு நாலணாவை எடுத்து முள் இருக்கிற தலைமேல் வைத்து, மேலே சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷனை ஒரு சொட்டு விடுவார். பாட்டு ஒழுங்காக ஓடும். பந்தல் பிரிக்கும்போது அந்தக் காசு எனக்கு. முள் சீக்கிரம் தேயட்டும் என்று அதே பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டவன் நான்.

ஆக, எனக்குத் தேவைப்பட்டது ஒரு ரெக்கார்டு பிளேயர். மனசில் இருந்த உருவம், அந்தக் காலத்து வசதியான வீடுகளில் சூட்கேஸ் போலத் திறக்கும் ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா. சென்னையில் ஒரு ஷோரூமுக்குப் போய் “ரெக்கார்டு பிளேயர் வேணும்” என்றேன். குளிரூட்டிய அறை. காபி வந்தது. கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, “என்ன டர்ன்டேபிள் சார்? ஆர்ம் என்ன யோசிச்சிருக்கீங்க? கார்ட்ரிட்ஜ் எம்.எம்.மா, எம்.சி.யா?” என்றார். மசால் தோசை கேட்டவனிடம் மாவு எந்த மில், கல் எந்த ஊர், மசாலுக்கு யார் கைப்பக்குவம் என்று கேட்ட மாதிரி இருந்தது. மூன்றும் ஒரே சாமான் என்றுதான் நான் 60 வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றையும் மூன்று தேசத்துக்காரர்கள் செய்வார்களாம். ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்த்து நாம்தான் சேர்த்து வைக்க வேண்டுமாம்.

“சேர்த்துவச்சா ஒத்துப்போகும்னு என்ன நிச்சயம்?” என்று கேட்டேன்.

“அதுதான் சார் ஹாபி” என்றார்.

அங்கே அறிமுகமான ஒரு நண்பர் என்னைச் சிஷ்யனாக ஏற்றுக்கொண்டார். ஓய்வு பெற்ற என்ஜினீயர். வீட்டில் இரண்டு டர்ன்டேபிள், நாலு கார்ட்ரிட்ஜ். உட்கார ஒரே ஒரு நாற்காலி. முதல் பாடமே சமயப் பிரிவுகள் பற்றி. தட்டைச் சுற்ற வைப்பதில் மூன்று மதங்கள் உண்டு. மூத்தது ஐட்லர். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் உரசிக்கொண்டு சுற்றும். சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே சக்கரம் டைனமோவைச் சுற்றுகிறது, இங்கே அதற்குத் தலைகீழ். இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்ற ரயில் பட்டறை ஊரில் 1954-இல் வந்த காரர்ட் 301 இந்த மதத்தின் மூலவர். எழுபது வருஷம் ஆன பிறகும் அதைத் தேடிப்பிடித்து, எண்ணெய் விட்டு, கருங்கல் பீடத்தில் பிரதிஷ்டை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது பெல்ட். தையல் மெஷின் மாதிரி. மோட்டாரின் உதறல் தட்டுக்குப் போகாமல் ரப்பர் பட்டை தாங்கிக்கொள்ளும் என்பது சித்தாந்தம். இதில் பீடாதிபதி ஸ்காட்லாந்தின் லின் எல்.பி.12. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. தட்டையும் ஆர்மையும் மூன்று ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்க விட்டிருப்பார்கள். இன்று வரை அதே மாடல்தான். ஆனால் பேரிங் மாற்றலாம், மோட்டார் மாற்றலாம், அடிப்பலகை மாற்றலாம். வாங்கியவருக்கு ஐம்பது வருஷமாகத் திருப்பணி நடந்துகொண்டே இருக்கும், கும்பாபிஷேகம் மட்டும் ஆகாது.

மூன்றாவது டைரக்ட் டிரைவ். நடுவில் எதுவும் கிடையாது, மோட்டார் தண்டின்மேலேயே தட்டு. சீலிங் ஃபேனைக் கவிழ்த்து வைத்தது போல. 1972-இல் ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 வந்தது. வீட்டில் உட்கார்ந்து அமைதியாகப் பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்தது. டிஸ்கோக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் முன்னும் பின்னும் தேய்த்துக் கூத்தடித்தார்கள். அதற்கும் அசையாமல் நின்றது. 2010-இல் நிறுத்தினார்கள். உலகமே அழுததும் 2016-இல் மறுபடி செய்ய ஆரம்பித்து, விலையை மட்டும் அமைதியாக உட்கார்ந்து கேட்க முடியாத உயரத்தில் வைத்தார்கள்.

நண்பர் பெல்ட் மதம். டைரக்ட் டிரைவ் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும் விதத்திலேயே ஒரு தீட்டு இருக்கும். கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று சண்டை பிடித்த பரம்பரையில் வந்தவர்கள் நாம், நமக்கு இது புரியாத விஷயமில்லை.

டோன்ஆர்ம் பாடம் இரண்டு வாரம் நடந்தது. முள்ளைத் தாங்கும் கை. பின்னால் ஒரு கனம், முன்னால் ஒரு தலை, நடுவில் ஒரு அச்சு. நாலு பேர் கூடி நின்று ஏற்றம் இறைக்கிற ஊரில் பிறந்தவனுக்கு இதில் என்ன பெரிய ரகசியம் என்று நினைத்தேன். ரகசியம் இருக்கிறது. தட்டில் வரியை வெட்டுகிற இயந்திரம் ஓரத்திலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. நம் வீட்டு ஆர்மோ ஒரு மூலையில் ஊன்றிக்கொண்டு வில்லாக வளைந்து வருகிறது. ஆகவே முள், வெட்டிய கோணத்திலேயே வரியில் உட்காருவது தட்டு முழுக்க இரண்டே இடங்களில்தான். மையத்திலிருந்து சுமார் 66 மில்லிமீட்டரில் ஒன்று, 121 மில்லிமீட்டரில் இன்னொன்று. மற்ற இடங்களிலெல்லாம் சமாளிப்புதான். இந்தச் சமாளிப்பை எப்படிக் குறைப்பது என்று 1938-லேயே லோஃப்கிரென் என்பவர் கணக்குப் போட்டுவிட்டார். இன்று வரை அந்தக் கணக்கை அச்சடித்த அட்டையின்மேல் குனிந்துகொண்டு, பூதக்கண்ணாடியும் டார்ச்சுமாக உலகமெங்கும் கிழவர்கள் கழுத்துவலி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு எல்.பி.யில் அந்த இரண்டு புள்ளிகளில் முள் இருக்கும் நேரம் எவ்வளவு என்று நண்பரைக் கேட்டேன். அன்று காபி வரவில்லை.

ஆர்ம்களில் ஒரு பெரிய வீட்டுப் பெண் உண்டு, எஸ்.எம்.ஈ. விரித்தால் ஸ்கேல் மாடல் எக்விப்மென்ட். 1946-இல் பொம்மை இயந்திரங்கள், அளவுமாதிரிகள் செய்யத் தொடங்கிய இங்கிலாந்துக் கம்பெனி. முதலாளிக்குத் தன் சொந்தக் கேட்புக்கு நல்ல ஆர்ம் கிடைக்கவில்லை, தானே செய்துகொண்டார். சிநேகிதர்கள் எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று கேட்க, 1959-இலிருந்து விற்பனைக்கு வந்தது. 2016-இல் அந்தக் கம்பெனியை வாங்கியது நம் புனேக்காரர் ஒருவரின் குழுமம். நம்மவர் கைக்கு வந்துவிட்டது, சகாய விலையில் ஒன்று தேறும் என்று நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், 2019 கடைசியில் ஆர்மைத் தனியாக விற்பதையே நிறுத்திவிட்டார்கள். கை வேண்டுமென்றால் இனி உடம்போடு வாங்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜ் பாடத்தின்போதுதான் வீட்டம்மா உள்ளே வந்தாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவள். சின்ன வயசில் வாய்ப்பாட்டும் உண்டு. நான் சோபாவில் விரித்து வைத்திருந்த விளம்பரத் தாளில் ஜப்பான்காரரின் கோயட்சு படம். 17-ஆம் நூற்றாண்டுக் கலைஞர் ஹொனாமி கோயட்சுவின் பெயரைத் தாங்கியது. உடம்பையே ஓனிக்ஸ், ஜேடு, பவளம் என்று கல்லில் குடைந்து செய்வார்கள். விலை லட்சங்களில்.

“என்னங்க இது, மூக்குத்தியா?”

“முள்ளு. ரெக்கார்டு முள்ளு.”

“கல்லு வச்ச முள்ளா?” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். நுனியில் வைரம் என்று பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. “வைரமா? அப்ப மறுவிலை இருக்குமே.”

இல்லை. அதுதான் இதில் உள்ள சூட்சுமம். வைரமே ஆனாலும் தேயும். ஆயிரம் மணி நேரம் ஓடினால் பெரிய விஷயம். நுனி உட்காரும் இடம் அவ்வளவு சிறிது. இரண்டு கிராம் பாரம்தான் என்றாலும் சதுர சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் டன்களில் வரும். அவள் உடனே பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். “நீங்க ரெண்டாவதா குறிச்சு வச்சிருக்கிறது ஒரு லட்சத்து இருபதாயிரம். ஆயிரம் மணி நேரம். மணிக்கு 120 ரூபாய். நிமிஷத்துக்கு ரெண்டு. நாலு நிமிஷப் பாட்டுக்கு எட்டு ரூபாய். பாட்டு பாதியில பிடிக்கலைன்னா நாலு ரூபாயோட நிறுத்திடணும்.” சித்தப்பா ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் செட் கட்டி, தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு மைக் பிடித்து வாங்கியது 60 ரூபாய்.

எம்.எம்., எம்.சி. விவகாரத்தை நானே அவளுக்கு விளக்கினேன். காந்தம் ஆடினால் எம்.எம்., கம்பிச்சுருள் ஆடினால் எம்.சி. “ஃபாரடேவை எனக்கே சொல்லித் தரீங்களா?” என்றாள். எம்.சி.தான் மேல்தட்டு. சுருள் மெலிசு, நுட்பம் அதிகம், ஆனால் வெளியே வரும் மின்சாரம் 0.3 மில்லிவோல்ட் போலத்தான் இருக்கும். நம் சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட். இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏழரை லட்சத்துக்கும் மேல். ஏழரை என்ற எண் ஜாதகத்தில் வந்தாலே ஆகாது. அந்தச் சுண்டைக்காய் மின்சாரத்தைத் தூக்கி நிறுத்தத் தனியாக ஒரு ஃபோனோ பெட்டி வேண்டும், எர்த் சரியில்லை என்றால் பாட்டுக்கு முன்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஆதார சுருதி கேட்கும். அதுவும் சுத்தமான சுருதி இல்லை.

நண்பர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உண்மையிலேயே உலுக்கியது. முள் நுனியில் உருண்டை உண்டு, நீள்வட்டம் உண்டு, கத்தி விளிம்பு போல மெலிந்த கோடும் உண்டு. வரியின் பக்கச்சுவரில் ஒவ்வொன்றும் உரசுகிற இடம் வேறு. “உங்க சித்தப்பா உருண்டை முள்ளால உழுத இடம் ஒரு மட்டத்துல இருக்கும் சார். மெல்லிசு நுனி அதுக்குக் கீழ இறங்கும். அங்க இன்னும் கலப்பை படாத நிலம் கிடக்கும்.” ஐம்பது வருஷமாக யாரும் கேட்காத அன்னக்கிளி அந்த வரிக்குள் ஒரு நூல் ஆழத்தில் படுத்திருக்கிறது என்று நினைத்தபோது அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பிறகு கேட்டுப் பார்க்கும் படலம். ஷோரூம்களில் எப்போதும் ஒரே மாதிரி பாட்டுத்தான். ஒரு வெள்ளைக்காரம்மா, ஒரு பியானோ, ரொம்ப இடைவெளி விட்டு ஒரு தட்டல். “பின்னணி எவ்வளவு கறுப்பா இருக்கு பார்த்தீங்களா சார்?” என்று கேட்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், கறுப்பாகத்தான் இருந்தது. என் பையிலிருந்து சித்தப்பாவின் தட்டு ஒன்றை எடுத்தேன். இளைஞர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கிரகப்பிரவேச வீட்டுத் தரை மாதிரி அதில் எல்லாருடைய கால்தடமும் இருந்தது. “இந்த செட்டு ரொம்ப ரிவீலிங் சார். எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடும். இது வேணாம்.” அதாவது, விலை ஏற ஏற என்னிடம் இருப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்கலாம்.

நண்பர் வீட்டு நாற்காலியில் எனக்குப் பரீட்சை நடந்தது. யோசனை வீட்டம்மாவுடையது. சுவரைப் பார்த்து என்னை உட்கார வைத்து, பெல்ட்டிலும் டைரக்ட் டிரைவிலும் ஒரே தட்டை மாற்றி மாற்றிப் போடச் சொன்னாள். பத்துத் தடவை. எது எது என்று நான் சொல்ல வேண்டும். ஐந்து சரி. “காசு சுண்டிப் போட்டாலும் அஞ்சு வரும்” என்றாள். நண்பருக்கு ஆறு. அவருக்கு அன்று ஜலதோஷம். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்பது ஒரு ஆறுதல். அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனத்தின் தட்டுகளை, மூல டேப்பிலிருந்து நேராக வெட்டியவை என்று நம்பி, டிஜிட்டல் காதில் பட்டாலே குத்தும் என்கிற ரகத்தினர் சொத்தை எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பல வருஷமாக அவற்றில் பெரும்பாலானவை நடுவில் டிஜிட்டலாக மாறித்தான் வந்தன என்பது 2022-இல் வெளியாயிற்று. அதுவரை ஒரு காதுக்கும் குத்தவில்லை.

பரீட்சை முடிந்து எழுந்தபோது வீட்டம்மா சொன்னாள், “ரெண்டுல எது ஒசத்தின்னு எனக்குத் தெரியலை. ஆனா இந்தப் பக்கம் இருக்கிறது சுருதி ஏறிப் பாடுது.” இந்தப் பக்கம் இருந்தது பெல்ட். நண்பர் முகம் சிவந்துவிட்டது. இவள் கைப்பேசியில் சுருதிப் பெட்டியைப் போட்டு ஷட்ஜத்தைச் சேர்த்துக் காட்டினாள், முழுசாக அரைக் கட்டை இல்லை, அதில் பாதிக்கும் குறைவு, ஆனால் ஏறித்தான் இருந்தது. தட்டின் வேகம் ஆறு சதவீதம் கூடினால் அரைக் கட்டை ஏறும். நண்பர் ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். வட்டமாக 180 கோடுகள். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சரியாக இருந்தால், 50 ஹெர்ட்ஸ் விளக்கடியில் அந்தக் கோடுகள் நின்றுவிட்டது போலத் தெரிய வேண்டும். வீடு முழுக்க எல்.ஈ.டி., அதில் தெரியவில்லை. கடைசியில் மாடிப்படியில் எஞ்சியிருந்த பழைய சோக் ட்யூப்லைட்டின் கீழே, லட்ச ரூபாய்ச் சாமானை நாங்கள் மூன்று பேரும் பிள்ளைத்தாய்ச்சியைத் தாங்குவது போலத் தாங்கிக்கொண்டு போய் வைத்தோம். கோடுகள் முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தன. நாலு வருஷமாக அவர் வீட்டில் எல்லாரும் கொஞ்சம் அவசரமாகவே பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்றோடு சமய விவாதம் ஓய்ந்தது. எஸ்.எம்.ஈ.யும் எல்.பி.12-உம் கனவில் வந்துகொண்டிருக்க, நான் வாங்கியது இங்கிலாந்தின் ரீகா. பெல்ட்தான். வாங்குவதற்கு முன் 180 கோட்டு அட்டையோடு போய் வீட்டம்மாவே வேகத்தைப் பார்த்தாள், கடைக்காரர் தராசில் எடைபோடும் அதிகாரி வந்துவிட்ட மாதிரி நின்றார். அதிலேயே வரும் ஆர்ம், 1983-இல் அவர்கள் கொண்டுவந்த ஆர்.பி.300-இன் வாரிசு. ஒரே வார்ப்பாக அலுமினியத்தில் ஊற்றிய குழாய், அந்த விலைக்கு அதற்கு முன் யாரும் அப்படிச் செய்யவில்லை. கார்ட்ரிட்ஜ், டெனான் டி.எல்.103. அறுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் என்.ஹெச்.கே. வானொலிக்காகச் செய்தது. இன்னும் செய்கிறார்கள். உருண்டை நுனிதான், கலப்பை படாத நிலத்துக்கெல்லாம் இறங்காது. ஆனால் ரேடியோ ஸ்டேஷனில் நாள் முழுக்க அவசரக்காரர்கள் தூக்கிப் போட்டு எடுக்கிற முள். சித்தப்பா கைக்குத் தாங்கும் என்று தோன்றியது.

நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். “சார், 103-க்கு ஹெவி ஆர்ம் வேணும். ரெசனன்ஸ் ஒத்துவராது.”

ரெசனன்ஸ் என்றதும் வீட்டம்மா டி.வி.யை அணைத்துவிட்டு வந்தாள். முள் ஒரு ஸ்பிரிங்கின் நுனியில் நிற்கிறது. ஆர்மும் கார்ட்ரிட்ஜும் அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் கனம். இது இயல்பாக ஆடும் வேகம் 8-லிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், வெயிலில் அப்பளமாக நெளிந்த தட்டும் வீட்டில் நடக்கிற காலடியும் சேர்ந்து ஆர்மை ஊஞ்சல் ஆட்டும். மேலே போனால் பாட்டின் அடிநாதத்தில் இடிக்கும். “ஆர்ம் சுமார் 11 கிராம். கார்ட்ரிட்ஜ் 8.5. திருகாணி அரை. மொத்தம் 20. நெகிழ்வு 5-னு போட்டிருக்கான், ஆனா அது 100 ஹெர்ட்ஸ்ல எடுத்தது, பத்துக்கு ரெண்டு மடங்குன்னு வச்சுக்கலாம். இருபதும் பத்தும் இருநூறு. வர்க்கமூலம் 14.14. 159-ஐ அதால வகுத்தா...” பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். “11.2. பாஸ். ஆனா பார்டர் பாஸ்.”

பார்டர் பாஸில் நண்பருக்குத் திருப்தி இல்லை. தலைக்கு மேலே கொஞ்சம் கனம் சேர்த்தால் இறங்கும் என்றார். அதற்கென்றே கடைந்த உலோகத் தகடுகள் வெளிநாட்டில் விற்கிறார்களாம், பித்தளையில், டங்ஸ்டனில். விலையைச் சொன்னார். வீட்டம்மா எழுந்து பூஜை அறைக்குப் போனாள். பழைய உண்டியலைக் குலுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேஜைமேல் வைத்தாள். எழுபதுகளின் நாலணா. 2011-லேயே செல்லாமல் போனது.

நகை எடைபோடும் குட்டித் தராசு ஒன்றை முள்ளின் பாரம் பார்ப்பதற்காக முன்பே வாங்கி வைத்திருந்தேன். நாலணாவை அதில் வைத்தோம். 2.5 கிராம். அவள் கணக்கைத் திரும்பப் போட்டாள். இருபதும் இரண்டரையும் இருபத்திரண்டரை, பத்தால் பெருக்கினால் 225, வர்க்கமூலம் மிச்சமில்லாமல் 15. “10.6!” என்றாள், வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் சரியாகப் பதில் சொல்லிவிட்ட குரலில். டி.எல்.103-க்கு முள்ளின் பாரம் எவ்வளவு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று தாளைப் புரட்டினேன். அதுவும் 2.5 கிராம். நண்பர் நாணயத்தைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, இரட்டைப் பக்க டேப் இருக்கிறதா என்று கேட்டார். பின்கனத்தைத் தள்ளி வைத்து, சேர்த்த கனம் வரியை அழுத்தாதபடி சமன் செய்தோம். சித்தப்பா அதைச் செய்ததில்லை, அவர் காசு முழுக்க வரியின் தலையில்தான் இறங்கியது. அந்தத் தட்டுகளின் இன்றைய நிலைக்கு நானும் ஒரு பங்குதாரர்.

பொருத்திய கதையை நீட்டவில்லை. கடப்பாக்கல் பலகை வந்தது. தெருவில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கினேன், எந்தச் சுவருக்கு என்று கேட்டுக்கொண்டு அவரே பின்னால் வந்து, ரெக்கார்டு சுற்றுவதைப் பார்த்துவிட்டு ஒரு டீ குடித்துப் போனார். தலைமுடி கனத்தில் நாலு கம்பிகள், நாலு நிறம், நாலு குச்சி. சாமணத்தால் மூன்றை மாட்டிவிட்டு நாலாவதில் ஒரு திருகாணியைத் தவறவிட்டேன். ஒரு வாரம் கழித்து அது சாம்பார்ப் பொடி டப்பாவின் மூடியில் கிடைத்தது. எப்படி என்று இந்த வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.

போன மாதம் சித்தப்பா வந்தார். வயசு 84. கண் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரைப் பார்க்க. சாப்பிட்டுவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார். நான் மூடியைத் திறந்தேன். கண் மங்கல் என்றுதான் ஆபரேஷனே, ஆனால் நேராக அதைத்தான் பார்த்தார்.

“என்னடா தம்பி, புதுசுங்கிற. முள்ளு தேஞ்சு போச்சா?”

எனக்குச் சுரீர் என்றது. கனம், நெகிழ்வு, வர்க்கமூலம், 10.6 என்று எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தி வீட்டார் சொத்துக் கணக்குச் சொல்லும்போது கேட்பது போல மரியாதையாகத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். “பாட்டைப் போடு” என்றார்.

அன்னக்கிளி போட்டேன். 1976-இல் அது வெளிவந்த வருஷம் அவர் அதை எத்தனை பந்தலில் ஓட்டினார் என்று அவருக்கே கணக்கில்லை. ஜானகி குரல் வந்தது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். சரியாக எந்த இடத்தில் சிக்கும் என்று இருவருக்கும் தெரியும், அங்கேயே சிக்கியது. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தது. நான் பதறி எழுந்து, முள்ளைத் தூக்கும் நெம்புகோலை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தடவிக்கொண்டிருக்கையில், அவர் சுண்டுவிரல் நகத்தால் ஆர்மின் தலையை ஒரு மயிரிழை முன்னே தள்ளினார். என் ஈரல்குலை ஒரு தடவை நின்று ஓடியது. பாட்டு அடுத்த சொல்லில் போய் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்ந்தது.

“சத்தம் நல்லாத்தான் இருக்கு” என்றார் பக்கம் முடிந்ததும். “எவ்வளவு தூரம் கேக்கும்?”

ஸ்பீக்கர்களை எப்படி வைத்திருக்கிறேன் என்று விளக்கினேன். இரண்டிலிருந்தும் சமதூரத்தில், சோபாவின் நடுவில், காது இந்த உயரத்தில் இருக்க வேண்டும், சரிந்து உட்கார்ந்தால்கூட மாறிவிடும்.

“இந்த சோபா வரைக்கும் சித்தப்பா.”

அவர் சோபாவைப் பார்த்தார். ஸ்பீக்கர்களைப் பார்த்தார். “மறுபக்கம் போடு” என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கும் சத்தம் கேட்டது. தட்டுக்கு நான் காவல் இருந்தேன். இரண்டு பாட்டு முடிந்து மூன்றாவது ஓடும்போது மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

“பால் பூத் வரைக்கும் போய்ப் பாத்துட்டேன்” என்றார். “ஒண்ணும் கேக்கல.”